முதுசமும் தேடியதேட்டமும்: வம்சாவழிப் பிரசாவுரிமையும் ஈழத்துத் தமிழிலக்கியமும்

1

பிரசாவுரிமை என்பது இதுவரை சட்ட அறிஞர்களதும் அரசியலாளர்களதும் ஆய்வுப்பொருளாகவே பெரிதும் இருந்து வந்துள்ளது. இலக்கிய மாணவர்கள் அதனைப் பின்னணிச் செய்தியாக மட்டும் குறிப்பிட்டுச் செல்வதே வழக்கம். 'நாடற்றவர் பிரச்சினை' என்ற தலைப்பின்கீழ் மலையக நாவல்கள் சிலவற்றைப் பட்டியலிட்டதும் பணி முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆயினும் ஒருவர் தம்மை ஒரு நாட்டுக்கு உரியவர் என நிறுவும் முயற்சி, அடிப்படையில் ஒரு கதைசொல்லும் முயற்சியே. தந்தை யார், அவர் எங்கே பிறந்தார், பாட்டனார் எங்கே வாழ்ந்தார் என்ற வினாக்களுக்கு விடையாக ஒரு வரலாறு கூறப்படுகிறது. அதனை ஏற்பதா மறுப்பதா என ஓர் அலுவலர் தீர்மானிக்கிறார். அக்கதையைச் சொல்ல வல்லவர் யார், எவருடைய கதை நம்பப்படுகிறது என்பன இலக்கியத்துக்குப் புறம்பான வினாக்கள் அல்ல.

இவ்வாய்வை நாம் சாவகச்சேரியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சாவகச்சேரி என்பது சாவகரின் சேரி எனப் பொருள்படும் என்பது பலரும் கூறும் விளக்கம். தாம்பிரலிங்கத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்து, 1247ஆம் ஆண்டில் படையெடுத்து வந்த சந்திரபானு என்னும் சாவக மன்னனுடன் இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். அவ்விளக்கம் பொருந்துமாயின், கடல் கடந்து வந்தவர்களின் பெயரையே ஓர் ஊர் எண்ணூறு ஆண்டுகளாகச் சுமந்து நிற்கிறது எனலாம். வந்தவர்கள் ஊரவராயினர், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளிடம் எவரும் பூட்டனாரின் பிறப்பிடத்தைக் கேட்டதில்லை. உழுது, விதைத்து, மணம் புரிந்து, மாண்டு அவ்வூருக்கு உரியவராயினர்.

இன்று அதே ஊரில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் வாழும் தம் மக்களுக்காக, தாய் தந்தையரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் காணி உறுதியின் பிரதியையும் தேடி அலுவலகங்களுக்குச் செல்லும் முதியோரைத் தென்மராட்சியில் எங்கும் காணலாம். வேற்றுநாட்டுப் பிரசைகளாகிவிட்ட மக்கள், மூதாதையர் வழியாகவோ முன்னர் தாம் இழந்த பிரசாவுரிமையின் வழியாகவோ, இலங்கையின் பிரசாவுரிமையையும் இரண்டாவதாகக் கோருகின்றனர். இதில் தவறு யாது என வினவலாம். தனி மனிதரின் தவறு எதுவும் இல்லை. ஆனால் 'வம்சாவழி' என்னும் இதே கோட்பாடுதான் 1948இல் மலையகத் தொழிலாளரின் ஒரே பிரசாவுரிமையையும் பறித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே கோட்பாடு ஒரு சாராருக்கு இரண்டு நாடுகளை வழங்கியும் மற்றொரு சாராரை ஒரு நாடும் இல்லாதவராக்கியும் தொழிற்பட்டது எவ்வாறு? அதனை ஈழத்துத் தமிழிலக்கியம் எவ்வாறு கண்டது, எதனைக் காணத் தவறியது? இவ்விரு வினாக்களுமே எமது பொருள்.

2

இக்கோட்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டிய கலைச்சொற்களை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தேசவழமையே அவற்றை வழங்குகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706–1707 காலப்பகுதியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த இவ்வழமை, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. அது சொத்தைப் பல வகையாகப் பகுக்கிறது. மூதாதையரிடமிருந்து வழிவழி வருவது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது அளிக்கப்படுவது சீதனம். மணவாழ்க்கையின்போது கணவனும் மனைவியும் ஈட்டுவது தேடியதேட்டம். முதுசத்துக்கு உரிமை பிறப்பால் வருவது. தேடியதேட்டத்துக்கு உரிமை ஈட்டலால் வருவது.

இப்பாகுபாட்டைப் பிரசாவுரிமைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நாடு முதுசமா, தேடியதேட்டமா? ஒருவர் ஒரு நாட்டுக்கு உரியவராவது அவருடைய தந்தை வழியாலா, அந்நாட்டில் அவர் சிந்திய உழைப்பாலா? இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இவ்வினாவுக்கு ஐயத்துக்கு இடமின்றி விடையளித்தது: நாடு முதுசம்.

இவ்விடத்தில் எங்கெல்ஸ் 1884இல் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலை நினைவு கூர்தல் பொருந்தும். இரத்த உறவின் அடிப்படையில் மக்களைப் பிரித்த குலமரபு அமைப்பிலிருந்து அரசு வேறுபடுவது, அது மக்களை வாழும் நிலப்பரப்பின் அடிப்படையில் பிரிப்பதனால்தான் என்பது அவர் காட்டிய வரலாற்று உண்மை. அவ்வாறாயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த ஒரு நவீன அரசு, குலமரபின் அளவுகோலை மீண்டும் கையிலெடுத்தது ஏன்? பழைமையின் மீதிருந்த பற்றினால் அன்று. வாக்குரிமை பெற்ற ஒரு தொழிலாளி வர்க்கத்தை அரசியலரங்கிலிருந்து அகற்ற அது மிக வாய்ப்பான கருவியாக இருந்தமையே காரணம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் சென்றமையும், வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றமையும் ஆளும் வர்க்கத்தினரை அச்சுறுத்தின. இரத்தம் பற்றிய பேச்சின் பின்னே வாக்குப் பற்றிய கணக்கு இருந்தது.

3

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவராயின் தந்தையும் தந்தைவழிப் பாட்டனும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். தாய் கணக்கில் இல்லை. முறையான மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியாகவும் பிரசாவுரிமை கிட்டுவதற்கு 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வாசகங்களை ஓர் இலக்கியப் பனுவலைப் போல் நுணுகிப் படித்தால் இரண்டு மாந்தர் நம் கண்முன் தோன்றுவர். ஒருவர், அட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்து முதுமையடைந்த பெண். அவருடைய தந்தை கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து தூக்கி வரப்பட்டவர். மற்றவர், கோலாலம்பூரில் பிறந்த ஓர் இளைஞர். அவருடைய தந்தை சாவகச்சேரியில் பிறந்து, ஆங்கிலம் கற்று, மலாயாவில் புகையிரத எழுதுவினைஞராயிருந்தவர், பாட்டனும் சாவகச்சேரியினர். இளைஞர் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை என வைத்துக்கொள்வோம். சட்டத்தின்படி அவ்விளைஞர் இலங்கைப் பிரசை, அப்பெண் அந்நியர். ஒரு வாழ்நாளின் உழைப்புக்கு இல்லாத மதிப்பு ஒரு பாட்டனாரின் பிறப்பிடத்துக்கு வழங்கப்பட்டது.

இவ்விருவரையும் பிரித்தது இரத்தமன்று, இருவரும் தமிழரே. இருவரது குடும்பங்களையும் இடம்பெயர்த்தது ஒரே பேரரசின் தேவைதான். 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது; 1905இல் வடபகுதிப் பாதை தெற்குடன் முழுமையாக இணைந்தது. மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினர் கொழும்புக்கும் அங்கிருந்து மலாயாவுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றனர். அவர்கள் புறப்பட்டபோது ஊரில் வளவும் காணி உறுதியும் இருந்தன. ஓய்வுபெற்றுத் திரும்பியபோது 'மலாயன் பென்சனியர்' என ஊரார் மதித்தனர். மலைநாட்டுக்குச் சென்ற தொழிலாளியோ கடனோடு புறப்பட்டார். அவர் கையிலிருந்த ஒரே எழுத்து 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தேவைப்பட்ட அச்சிறு காகிதம் அவருடைய பெயரையும் அவர் தீர்க்க வேண்டிய கடனையும் இணைத்துச் சொன்னது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆயின் ஒருவருடைய இருப்பை அவர் காட்டும் காகிதத்தால் அளக்கும் முறை ஒழியவில்லை. 1948இல் அது நாடளாவிய சட்டமாயிற்று.

வம்சாவழி என்பது உயிரியல் உண்மை போலத் தோன்றினும், நடைமுறையில் அது ஆவணம். ஆவணம் என்பது சொத்துடையோரின் நினைவு. ஒல்லாந்தர் காலத் தோம்பிலே பெயர் பதியப்பட்ட காணிக்காரருக்கு நூற்றாண்டுகளின் வம்சாவழி உண்டு. காணியற்றவருக்குத் தந்தையும் பாட்டனும் இருந்தனர், வம்சாவழி இருக்கவில்லை.

4

யாழ்ப்பாணச் சமூகம் இச்சட்டத்தின் முன் எவ்வாறு நின்றது என்பதை நாம் மறைக்காது நோக்குதல் வேண்டும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதலாவது சட்டமூலத்தை எதிர்த்தவர். ஆயினும் 1948 செப்டெம்பரில் அமைச்சரானபின், அவ்வாண்டு டிசம்பரில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமூலத்துக்கு ஆதரவளித்தார். இதன் விளைவாகவே கட்சி பிளவுண்டு, 1949 டிசம்பர் 18ஆம் தேதி எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியது. ஆனால் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில், மலையக மக்கள் வாக்கிழந்து நின்ற அவ்வேளையில், சாவகச்சேரித் தொகுதி மீண்டும் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளரையே தெரிந்தது. 1956 வரை தமிழரசுக் கட்சிக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு தேர்தல் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கும். எனினும் தோட்டத் தொழிலாளரின் நாடிழப்பு யாழ்ப்பாணத்து வாக்காளரின் முடிவைத் தீர்மானிக்கும் விடயமாக அன்று அமையவில்லை என்று கொள்வதில் தவறில்லை.

இதன் பண்பாட்டு முகம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மட்டுவிலைச் சேர்ந்த உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளை அவ்வித்தியாசாலையின் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். சாவகச்சேரிக்கு அயலிலுள்ள ஓர் ஊரின் அறிஞர் சிதம்பரத்தில் அந்நியரென்று எண்ணப்படவில்லை. இந்தியாவுடனான அவ்வுறவை யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி 'பண்பாட்டுத் தொடர்பு' எனப் பெருமையுடன் பேசியது. அதே இந்தியாவிலிருந்து மண்வெட்டியோடும் கூடையோடும் வந்தவர் மட்டும் 'வந்தான் வரத்தான்' ஆயினர். கடல் ஒன்றே, கடந்தவரின் வர்க்கமே வேறு.

யாழ்ப்பாண வழக்கில் 'குடிமை' என்ற சொல்லுக்கு இருந்த பொருளையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளருமே அங்கு 'குடிமக்கள்' எனப்பட்டனர். குடிமை என்பது உயர்சாதியினருக்குச் செய்ய வேண்டிய ஊழியம். உரிமையுடைய மனிதரைக் குறிக்க வேண்டிய சொல் ஊழியக்காரரைக் குறித்து நின்ற சமூகம் அது. நம் நாட்டுச் சட்டத் தமிழில் 'பிரசாவுரிமை' என்னும் சொல் நிலைத்தமைக்கு இதுதான் காரணமென்று நாம் வாதிடவில்லை. ஆயினும் தன் எல்லைக்குள் வாழ்ந்த மனிதரையே சமமாகக் காணாத ஒரு சமூகம், மலைநாட்டவரின் சமவுரிமைக்காக உளமாரப் போராடியிருக்க இயலுமா என்ற வினா எழுகிறது. 1966ஐ அடுத்த ஆண்டுகளில் தேநீர்க் கடைகளும் கோயில்களும் அனைவருக்கும் திறக்கப்பட வேண்டுமென எழுந்த போராட்டம் தென்மராட்சியையும் தொட்டது. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் அதன் களங்களுள் ஒன்று. அப்போராட்டத்தின் கோரிக்கையும் தேடியதேட்டக் கோரிக்கையே: இவ்வூரைக் கட்டிய உழைப்பில் எமக்கும் பங்குண்டு, ஆகவே இவ்வூர் எமதுமாகும்.

5

இனி இலக்கியத்துக்கு வருவோம். இவ்விடயத்தில் முதலில் பேசப்பட வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றவர். தம்மைத் தெரிந்த மக்கள் வாக்கிழந்ததைக் கண்ணெதிரே கண்டவர். 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையைச் சக்தீ அ. பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969இல் தமிழாக்கினார். தேயிலைச் செடியின் அடியில் புதையுண்டு கிடக்கும் தொழிலாளரைப் பற்றியும், அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்படாமையைப் பற்றியும் அக்கவிதை பேசுகிறது. பொதுவாக இப்பகுதியை இரக்கத்தின் வெளிப்பாடாகவே திறனாய்வாளர் கண்டுள்ளனர். அது போதாது என்பது எமது கருத்து. உன் தந்தை எங்கே, பாட்டன் எங்கே எனக் கேட்ட சட்டம் வந்து ஆறு ஆண்டுகளில் எழுந்த கவிதை அது. அவ்வினாவுக்குக் கவிஞர் தரும் விடையாக அதனைப் படித்தல் வேண்டும். பாட்டன் இங்கேதான் இருக்கிறான், செடியின் அடியில்; அவனை உண்டே இச்செடி தளிர்க்கிறது. பதிவேட்டில் இல்லாத வம்சாவழியை மண்ணில் காட்டும் வாக்குமூலம் அது. முதுசத்தின் மொழியில் கேட்கப்பட்ட வினாவுக்குத் தேடியதேட்டத்தின் மொழியில் விடையளித்தமையே அக்கவிதையின் அரசியல் வலு.

அவருடைய பிற்கால நூல்களின் தலைப்புகளும் கருதத்தக்கன: 'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை'. இல்லாமையால் மனிதரைப் பெயரிடும் இத்தலைப்புகளுக்கு எதிர்நிலையில், யாழ்ப்பாணத்தவரான யோ. பெனடிக்ற் பாலன் 1968இல் வெளியிட்ட மலையக நாவலுக்குச் 'சொந்தக்காரன்' எனப் பெயரிட்டார். இல்லாதவன் என்று சட்டம் சொன்னவனை உரியவன் என்று நாவல் சொல்கிறது. தலைப்பிலேயே ஒரு வழக்குரை உண்டு. சொந்தம் என்பது உறுதியில் எழுதப்படுவதா, உழைப்பில் எழுதப்படுவதா என்ற எமது வினாவை அது முன்வைக்கிறது.

பாலனைப் போலவே, மருத்துவரும் பேராசிரியருமான நந்தியும் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டை நோக்கி 'மலைக்கொழுந்து' நாவலைத் தந்தார். இவ்வெழுத்துக்களின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒன்றைச் சுட்டாதிருக்க இயலாது. யாழ்ப்பாணத்து எழுத்தில் மலையகத் தொழிலாளி பெரும்பாலும் மலையகத்திலேயே காணப்படுகிறார். தூரத்திலிருந்து இரங்கத்தக்கவராகவே வருகிறார். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் வடக்கே வந்து கிளிநொச்சியிலும் வன்னியிலும் குடியேறி, தென்மராட்சி உட்பட யாழ்ப்பாணத்துக் காணிக்காரரின் வயல்களில் குறைந்த கூலிக்கு உழைத்த மலையகத்தவரும், யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு விடப்பட்ட மலையகச் சிறுவர் சிறுமியரும் நம் புனைகதையில் பெற்ற இடம் மிகச் சிறிது. கே. டானியல் 'பஞ்சமர்' (1972) முதலிய நாவல்களில் யாழ்ப்பாணச் சாதியமைப்பின் உள்வீட்டைத் திறந்து காட்டிய துணிவு, இவ்விடயத்தில் பிறருக்கு வாய்க்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணிக்கையாக்கி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. காணி பிரிப்பது போன்ற இப்பங்கீட்டில் காணிக்காரரின் மொழியே தொழிற்பட்டது. 1948இல் சட்டத்தை உறுதியுடன் எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அவ்வரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது என்பதை இடதுசாரி மரபினராகிய நாம் ஒளிக்காது ஏற்றுக்கொள்ள வேண்டும். தலைமன்னாருக்கு அம்மக்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு அவர்களே இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் அப்பெயரைத் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்குச் சூட்டினார். இராஜதந்திரிகளின் ஒப்பந்தத்துக்கு மக்கள் எழுதிய ஒரு சொல் திறனாய்வு என அதனைக் கூறலாம். உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரி வைக்கும் நிலையை அதைவிடச் சுருக்கமாக எவர் சொல்ல இயலும்?

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டப்படி முடிவுக்குக் கொண்டுவந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை அளித்தது. வாழ்ந்தமையே உரிமைக்குக் காரணம் என்பதைச் சட்டம் ஏற்க 55 ஆண்டுகள் சென்றன.

6

போர் இக்கதையின் மற்றொரு பகுதியை எழுதியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர்; 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரே பேரழிவுக்குள்ளானது. ஊரோடு காகிதங்களும் அழிந்தன. காகிதம் இழந்த ஒருவர் தம்மை நிறுவப் படும் பாட்டை யாழ்ப்பாணத்தாரும் அப்போது அனுபவத்தால் அறிந்தனர். போரின் பின் நிரந்தர வீடமைப்புக்கு உதவி வழங்கப்பட்டபோது காணியுரிமை நிறுவப்பட வேண்டியிருந்தது. பிறர் காணியில் தலைமுறைகளாகக் குடியிருந்தோர் அவ்விடத்திலும் பின்தங்கினர்.

புலம்பெயர்ந்தோரின் முதல் எழுத்து அகதி விண்ணப்பம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நாவல் அத்தகைய விண்ணப்ப வடிவில் தொடங்குவது தற்செயலானதன்று. அங்கும் ஒருவர் தம் வரலாற்றை அலுவலர் ஒருவரின் நம்பிக்கைக்காகச் சொல்கிறார். ஆனால் அவ்விண்ணப்பத்தின் தர்க்கம் வம்சாவழிக் கோரிக்கையின் தர்க்கத்துக்கு நேர் எதிரானது. பிறந்த நாடு எனக்குப் பாதுகாப்புத் தரவில்லை. வந்த நாட்டில் வாழவிடுங்கள் என்பதே அதன் சாரம். பின்னர் அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் பாத்திரம் கழுவியும் தொழிற்சாலையில் உழைத்தும் அவர் பிரசாவுரிமை பெறுகிறார். அதாவது, மேற்குலகில் ஈழத்தமிழர் பெற்ற பிரசாவுரிமை அவர்களின் தேடியதேட்டம். அதே மனிதர் இலங்கைக்கு முன்னால் வந்து நிற்கும்போது மட்டும் முதுசக்காரராகிறார்.

இலங்கைச் சட்டம் அவரை அவ்வாறே வரவேற்கிறது. வேற்றுநாட்டுப் பிரசாவுரிமை பெற்றவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பார் என்பதே பழைய விதி. 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தம், நாட்டுக்கு நன்மையென அமைச்சர் கருதுமிடத்து இரண்டையும் வைத்திருக்க இடமளித்தது. இதற்குரிய தகைமைகளாக வயது, கல்வி, தொழில் ஆகியவற்றுடன் இலங்கையிலுள்ள அசையாச் சொத்தின் பெறுமதியும் வங்கி வைப்பும் விதிக்கப்பட்டமை நன்மை என்னும் சொல்லின் வர்க்கப் பொருளைத் தெளிவாக்குகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தது. ஆனால் இரட்டைப் பிரசைகளுக்கும், நெருங்கிய உறவினர் வழியாகப் பெறும் மரபுரிமைக்கும் விலக்களித்தது. வாங்குதல் தடை, முதுசம் தடையில்லை. தேசவழமையின் பழைய பாகுபாடு புதிய சட்டத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம் (2022) இரட்டைப் பிரசைகள் நாடாளுமன்ற உறுப்பினராவதை மீண்டும் தடுத்துள்ளது. சொத்துக்கு வரவேற்பு, அரசியலுக்கு வாயில் அடைப்பு.

இது இலங்கைக்கு மட்டும் உரிய முரண்பாடு அன்று. பிரித்தானியா 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அந்நாட்டில் பிறந்தமையை உரிமைக்கு வழியாக்கியபோது, அதனால் பெரிதும் பயனடைந்தோர் குடியேற்ற நாடுகளின் வெள்ளையரே. பேரரசுக்காக உழைத்த ஆசியரும் ஆபிரிக்கரும் வெளியே நிறுத்தப்பட்டனர். இலங்கை தன் புலம்பெயர்ந்தோருக்கு இரட்டைப் பிரசாவுரிமையைத் திறந்த அதே 1987ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல், இந்தியா பிறந்த மண்ணால் மட்டும் கிடைத்த பிரசாவுரிமையை நிறுத்தியது. அதன் பின்னர் தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கை அகதிகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த இடம் எவ்வுரிமையையும் தரவில்லை. இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, தந்தை தாய் வழியாக இலங்கையரென நிறுவுவதே அவர்களுக்கு எஞ்சிய வழி. ரொறொன்ரோவில் வாழ்பவருக்கு வம்சாவழி இரண்டாவது நாட்டைத் தருகிறது. மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அதுவே முதலாவது நாட்டுக்கான ஒரே கயிறு.

7

இவ்வாய்வின் முடிவு யாது? வம்சாவழிப் பிரசாவுரிமையைக் கோருவோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. ஊரிலிருந்து துரத்தப்பட்டவர் ஊருக்குத் திரும்பும் உரிமையைக் கோருவது நியாயமானது. புலம்பெயர்ந்தோருள் காணியற்றோரும் உளர். ஒடுக்கப்பட்ட சாதியினரும் உளர். பாட்டனாரின் பெயர் அவர்களுக்கு வளவையோ உறுதியையோ கொண்டுவரவில்லை. அவர்களுக்கு ஊர் என்பது நினைவு மட்டுமே. அவர்களின் கோரிக்கையை ஏளனம் செய்யும் திறனாய்வு மார்க்சியத் திறனாய்வு ஆகாது.

நாம் வலியுறுத்துவது இதுவே. ஒரு கோட்பாட்டின் பயனை ஏற்போர் அதன் வரலாற்றையும் ஏற்க வேண்டும். தம் தந்தையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும், அத்தகைய பத்திரம் இல்லாமையால் நாடிழந்த இலட்சக்கணக்கானோரை நினைக்கக் கடமைப்பட்டவர். வந்த நாட்டில் உழைப்பால் உரிமை பெற்றவர்கள், பிறந்த நாட்டிலும் உழைப்பே உரிமையின் முதற் காரணம் என வாதிட வேண்டும். இல்லையேல் அங்கே தேடியதேட்டம், இங்கே முதுசம் என்ற இரட்டை நியாயத்தை இரட்டைப் பிரசாவுரிமையுடன் சேர்த்துப் பெற்றவராவர்.

எழுத்தாளருக்கும் இதில் பணி உண்டு. மலையகத்து வாழ்வை மலையகத்தவர் எழுதிவருகின்றனர். அதை யாழ்ப்பாணத்தார் எழுதித் தர வேண்டிய தேவை இன்று இல்லை. யாழ்ப்பாணத்து எழுத்தாளர் எழுத வேண்டியது தம் வீட்டின் கதையை: 1952இல் வாக்களித்த பாட்டனாரின் கதை, கிளிநொச்சி வயலின் கூலிக் கணக்கு, அடுக்களையில் வளர்ந்த மலைநாட்டுச் சிறுமியின் கதை. அக்கதைகள் எழுதப்படும்போதுதான் வம்சாவழி என்ற சொல் முழுப்பொருள் பெறும். ஏனெனில் முதுசத்தோடு கடனும் வருகிறது. தேசவழமையும் அறிந்த உண்மை அது: மூதாதையரின் சொத்தை ஏற்பவர் அவர்களின் கடனையும் தீர்க்க வேண்டும்.